இன்றைக்கு யார் வரவில்லை?

மகளிர் கல்லூரியில் மூன்று வருஷம் படித்தேன், முப்பத்தேழு வருஷம் வேலை பார்த்தேன். அதில் ஒன்பது வருஷம் விடுதி வார்டன், கடைசி எட்டு வருஷம் முதல்வர். 2024 மே மாதம் ஓய்வு பெற்றேன். எங்களுடையது தெற்கே கரிசல் பக்கம் இருக்கிற, அரசு உதவி பெறும் கல்லூரி. பெயர் வேண்டாம். இதில் நான் செய்த தப்புகளும் வரும், அவை கல்லூரி தலையில் விழக்கூடாது.

1981 ஜூலையில் தகரப் பெட்டியோடு வந்து இறங்கினேன். அப்பா ஜின்னிங் ஃபேக்டரியில் கணக்கு எழுதினவர். பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி கிடைத்தது என்றதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "பொம்பளைப் பிள்ளைக மட்டும் படிக்கிற காலேஜ்தானே?" ஆமாம் என்றதும் வீட்டில் பேச்சு முடிந்தது. இந்தக் கேள்விக்கு ஆமாம் என்று சொல்ல முடிந்ததால் மட்டுமே படித்தவர்கள் தமிழ்நாட்டில் எத்தனை தலைமுறையாக இருக்கிறார்கள்! முத்துலட்சுமி ரெட்டிக்குப் புதுக்கோட்டையில் ஆண்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் இடம் தர, எதிர்ப்பையெல்லாம் மீறி மன்னரே சொல்ல வேண்டியிருந்தது. பாளையங்கோட்டையில் சாராள் தக்கர் 1895, சென்னைக் கடற்கரையில் ராணி மேரி 1914, அடுத்த வருஷமே மகளிர் கிறிஸ்தவக் கல்லூரி, மதுரையில் லேடி டோக் 1948, பாத்திமா 1953. ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு மதில். மதில் எழும்பியது வீட்டிலிருக்கிறவர்கள் நிம்மதியாகத் தூங்குவதற்காக. உள்ளே பிள்ளைகள் என்ன கற்றுக்கொண்டார்கள் என்பது வீட்டுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சில அப்பாக்கள் யோசித்திருப்பார்கள்.

நான் முதலில் கற்றது கெமிஸ்ட்ரி இல்லை, பருப்பு வாங்க.

விடுதியில் டிவைடிங் சிஸ்டம். மாதம் முழுக்க ஆன செலவைக் கூட்டி, யார் எத்தனை நாள் சாப்பிட்டார்களோ அதன்படி வகுத்து மெஸ் பில் போடுவார்கள். சாம்பார் தண்ணியாக இருக்கிறது என்று இரண்டாம் வருஷம் வார்டன் மிஸ்ஸிடம் போய் நின்றேன். (அப்போது எல்லாரும் மிஸ். பிறகு மேடம், இப்போது மேம்.) அவர் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல், "அடுத்த மாசம் நீதான் மெஸ் ரெப்" என்றார்.

விடிகாலை ஐந்து மணிக்குச் சமையல்காரப் பெரியம்மாவோடு மார்க்கெட். நல்ல துவரம்பருப்பாகப் பார்த்து வாங்கினேன். சாம்பார் கெட்டியானது. மாதக் கடைசியில் பில் தலைக்குப் பதினோரு ரூபாய் ஏறிவிட்டது. 1982ல் பதினோரு ரூபாய் என்பது சில வீடுகளில் ஒரு வாரப் பாடு. சாம்பாரைப் பாராட்டின அதே பிள்ளைகள் வராண்டாவில் என்னைச் சுற்றி நின்றார்கள். அழுகை வந்தது, அழுதேன். மறுநாள் பெரியம்மாதான் வழி சொன்னார்: "வாங்குறத அன்னன்னிக்கு எழுதிப் போடு கண்ணு. கண்ணுல பட்டுச்சுன்னா கேள்வி வேற மாதிரி வரும்."

மெஸ் வாசலில் ஒரு கரும்பலகை மாட்டினோம். இன்றைக்கு என்ன, எத்தனை கிலோ, என்ன விலை. ஒரே வாரத்தில் பேச்சு மாறியது. "சாம்பார் தண்ணி" என்றவள், "கேரட்டை விட்டுட்டு முருங்கைக்காய் போட்டா பருப்பு அரைக் கிலோ கூட்டலாமே" என்றாள். குறை சொல்கிறவளிடம் கணக்கைக் கொடுத்துவிட வேண்டும் என்று அன்றைக்குப் புரிந்தது. முதல்வரானபோது கல்லூரி விழா வரவு செலவையும் இப்படியே நோட்டீஸ் போர்டில் ஒட்டவைத்தேன். அலுவலகத்துக்குப் பிடிக்கவில்லை. இரண்டு வருஷத்தில் பழகிவிட்டது.

இருபாலர் கல்லூரிகளுக்கு விழாவென்று போனால் எங்கள் பிள்ளைகளுக்கு ஒரு வியப்பு. அங்கே பெண்களுக்கு வாசல் கோலம், சந்தனக் கிண்ணம், வரவேற்புப் பாட்டு. மேடை, மைக், பந்தல்காரரிடம் பேரம் எல்லாம் பையன்கள் கையில். எங்களிடம் பையன்கள் கிடையாது, அதனால் பெஞ்சைத் தூக்குவதும் இவர்கள்தான், கரண்ட் போனால் ஜெனரேட்டர் போடுகிறவரைத் தேடி ஓடுவதும் இவர்கள்தான். பெண்கள் கல்லூரியின் பெரிய நன்மை எது என்று யாராவது கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். வேலையைத் தள்ளிவிட ஆள் இல்லை.

தீமையும் உண்டு, மறைக்க மாட்டேன். கொஞ்சம் கண் அசந்தால் மகளிர் கல்லூரி ஒரு பெரிய வீடாகிவிடும். வீட்டில் அப்பா கேட்கிற கேள்வியை இங்கே நாற்பது பேர் கேட்போம். துப்பட்டாவுக்கு எத்தனை ஊக்கு குத்த வேண்டும் என்று அரை மணி நேரம் ஸ்டாஃப் மீட்டிங் நடந்திருக்கிறது. நானும் அதில் பேசியிருக்கிறேன்.

இனிச் சொல்லப்போவது சொல்லக் கூச்சமான விஷயம். 1995. நான் வார்டன். மாலை ஆறு மணிக்கு கேட் மூடவேண்டும். இரண்டாம் வருஷ மாணவி ஒருத்தி, அவுட்பாஸ் வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனவள், ஞாயிற்றுக்கிழமை ஆறரை ஆகியும் வரவில்லை. எனக்குப் பதற்றம். அவள் அப்ளிகேஷனில் தொடர்புக்கு என்று ஊர் மளிகைக் கடை நம்பர் இருந்தது. போன் போட்டேன். "உங்க ஊர்ப் பிள்ளை இன்னும் ஹாஸ்டலுக்கு வந்து சேரலை, வீட்ல சொல்லுங்க" என்றேன். ஏழு இருபதுக்கு வந்துவிட்டாள். ஏன் லேட் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டினேன், ரூமுக்கு அனுப்பினேன், சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் அவள் அப்பா வந்தார். கையில் மஞ்சப்பை. என்னை நேராகப் பார்க்கவில்லை. "கடையில பத்துப் பேரு நின்னிருக்காங்கம்மா. இனிமே எங்களுக்குச் சரிப்படாது" என்றார். சத்தம் போட்டிருந்தால்கூட எதிர்த்துப் பேசியிருக்கலாம், மனுஷன் அவ்வளவு மெதுவாகச் சொன்னார். பெட்டியை அவரே தூக்கிக்கொண்டார். அவள் பின்னாலேயே போனாள். ஒரு வாரம் கழித்து வாட்ச்மேன் சொன்னார்: "அன்னைக்கு பஸ்ஸு டயர் பஞ்சர் மேடம். அந்தப் பாப்பா வந்தவுடனே எங்கிட்ட சொல்லுச்சு." வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே 'டிஸ்கன்டினியூட்' என்று சிவப்பு மையில் எழுதினேன்.

அதற்குப் பிறகு எனக்கென்று ஒரு வரிசை வைத்துக்கொண்டேன். பிள்ளையைக் காணவில்லையா, முதலில் ரூம்மேட்டைக் கேள். அடுத்து வாட்ச்மேன், பஸ் ஸ்டாண்ட் டைம் ஆபீஸ். வீட்டுக்குச் சொல்லித்தான் ஆகவேண்டும் என்றால் வீட்டிலிருக்கிறவரிடம் மட்டும் பேசு, கடைக்காரரிடமோ பக்கத்து வீட்டிலோ சொல்லி அனுப்பாதே. பிள்ளை வந்ததும் முதலில் தண்ணீர் கொடு, ஏன் என்று கேள், திட்டுவதானால் நாளைக்குத் திட்டலாம். பின்னால் வந்த வார்டன்களுக்கெல்லாம் இதைச் சொல்லிக் கொடுத்தேன். ஆளுக்கு ஒரு செல்போன் வந்த பிறகும் இந்த வரிசை தேவைப்பட்டது. அப்ளிகேஷனில் பாதிப் பேர் கொடுத்திருக்கும் நம்பர் அண்ணன் நம்பர்.

கேட் நேரம் எட்டு மணியானது நான் முதல்வரான பிறகுதான். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 'சக்ஷம்' அறிக்கை 2013லேயே சொல்லியிருந்தது, பாதுகாப்பைக் காரணம் காட்டி விடுதிப் பெண்களுக்கு மட்டும் கூடுதல் கட்டுப்பாடு போடக்கூடாது என்று. அதை அச்செடுத்து நிர்வாகக் குழுவுக்குக் கொண்டுபோனேன். "ஒண்ணு கிடக்க ஒண்ணு நடந்தா யார் பதில் சொல்றது?" என்றார்கள். நியாயமான கேள்வி. பஸ் ஸ்டாப்பிலிருந்து கேட் வரை மாலையில் நடந்து பார்த்தேன். மூன்று தெருவிளக்கு எரியவில்லை, ஒரு வளைவில் கருவேலம் மண்டிக் கிடந்தது. அந்த இரண்டையும் சரிசெய்ய நாலு மாதம் பிடித்தது. அதற்கப்புறம்தான் நேரத்தை மாற்றினேன். அறிக்கையை மட்டும் காட்டி மாற்றியிருந்தால் முதல் சங்கடத்திலேயே பழையபடி ஆறு மணிக்குத் திரும்பியிருப்போம்.

முதல்வர் நாற்காலியில் உட்கார்ந்த முதல் வாரம் அலுவலகத்தில் கேட்டேன், தினமும் பதினொரு மணிக்கு எனக்கு ஆப்சென்ட் லிஸ்ட் வேண்டும் என்று. சூப்பரின்டென்டென்ட் சிரித்தார். "அது செமஸ்டர் கடைசியில கண்டோனேஷன் போடறப்பதான் மேடம் பார்ப்போம்." செமஸ்டருக்குத் தொண்ணூறு வேலை நாள், எழுபத்தைந்து சதவீதம் வருகை வேண்டும். அதற்குக் கீழே போனால் மெடிக்கல் சர்ட்டிபிகேட், கண்டோனேஷன் பீஸ், அதாவது வருகைக் குறைவை மன்னிக்கக் கட்டுகிற பணம். இன்னும் கீழே போனால் பரீட்சை எழுத முடியாது. ஒரு பிள்ளை ஏன் வரவில்லை என்று தொண்ணூறாவது நாள் கேட்டு என்ன பிரயோஜனம்?

லிஸ்ட் வந்தது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஊர்ப் பெயரை எழுதச் சொன்னேன். எங்களுக்குக் கிழமை கணக்கு இல்லை, முதல் நாள், இரண்டாம் நாள் என்று சுற்றிவருகிற டே ஆர்டர்தான், அதனால் ஒரே கிழமையில் ஒரே வகுப்பு விடுபடுகிற மாதிரி தெரியாது. ஆனால் ஊர் தெரிந்தது. இரண்டு வாரத்தில் பதினான்கு பெயர் மறுபடி மறுபடி முதல் பீரியடில் மட்டும் விடுபட்டது, பதினான்கும் ஒரே பஸ் ரூட். சோம்பேறிகள் என்று டிபார்ட்மென்டில் முத்திரை குத்தப்பட்ட பிள்ளைகள்.

அந்த லிஸ்டை எடுத்துக்கொண்டு அதில் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு பஸ் டெப்போவுக்குப் போனேன். போகிற வழியில் சொன்னேன், நான் அறிமுகம் மட்டும் செய்வேன், பேசுவது நீங்கள். ஒருத்தி வெலவெலத்துவிட்டாள். கிளை மேலாளர் எனக்கு நாற்காலி போட்டார், என்னைப் பார்த்தே பேசினார். நான் அவர்களைப் பார்த்தேன். கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும்தான். முப்பது வருஷம் வகுப்பெடுத்தவளுக்கு வாயை மூடிக்கொண்டிருப்பது எத்தனை கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரியும். கடைசியில் வெலவெலத்தவளே ஆரம்பித்தாள்: "சார், அந்த 8.10 வண்டியை 7.50க்கு எடுத்தா நாங்க பதினாலு பேரு, ஐடிஐ பசங்க ஒம்பது பேரு, ஆஸ்பத்திரிக்குப் போறவங்க எல்லாரும் சேருவோம். கண்டக்டர் அண்ணன்கிட்டயும் கேட்டுட்டோம் சார்." ஐடிஐ பையன்களையும் கண்டக்டரையும் கேட்டிருக்கிறார்கள் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும். இன்னும் இரண்டு முறை போகவேண்டி வந்தது, மூன்று மாதம் ஆனது. கிடைத்தது பதினைந்து நிமிஷம்தான். அது போதுமானதாக இருந்தது.

2021ல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று வந்தபோது லிஸ்ட் இன்னும் சுருங்கியது. மாதக் கடைசியில் விடுபடுகிற பெயர்கள் குறைந்தன. அவர்கள் இத்தனை நாள் பஸ் காசு இல்லாமல்தான் வரவில்லை என்பது அப்போது புரிந்தது. எங்களிடம் சொன்ன காரணம் காய்ச்சல். புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரில் வந்தது, அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்த பிள்ளைக்கு மாதம் ஆயிரம் ரூபாய், அவள் பெயரிலிருக்கும் கணக்குக்கே வரும். இதில் நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்ட ஒன்று: கணக்கு அவள் பெயரில் இருந்தால் மட்டும் போதாது, அதோடு இணைத்த மொபைல் நம்பர் யாருடையது என்று பாருங்கள். பணம் வந்த எஸ்எம்எஸ் அப்பா போனில் விழுந்தால் ஏடிஎம் கார்டும் அப்பா பையில்தான் இருக்கும். எங்கள் என்எஸ்எஸ் பிள்ளைகள் ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து இதை மட்டும் சரிபார்த்தார்கள்.

தலைமை என்றதும் எல்லாரும் மாணவியர் பேரவைத் தேர்தலைத்தான் சொல்வார்கள். எங்கள் சேர்மன் தேர்தலில் வாக்குறுதிகள் எல்லா வருஷமும் ஒன்றுதான்: கல்ச்சுரல்ஸுக்கு டிஜே, கேன்டீனில் பரோட்டா, சனிக்கிழமை கலர் டிரஸ். 2017ல் நின்ற ஒருத்தி மேடையேறி ஒரு தாளை எடுத்துப் படித்தாள். "நம்ம காலேஜ்ல மாணவிகளுக்கு மொத்தம் நாப்பத்திரண்டு பாத்ரூம் கதவு. அதுல பதினேழுக்குத் தாழ்ப்பாள் இல்ல. இப்ப எப்படிப் போறோம்? ஃப்ரெண்டை வெளிய நிக்க வெச்சிட்டுப் போறோம். ஜெயிச்சா பதினேழு தாழ்ப்பாள் போடுவேன். வேற ஒண்ணும் சொல்லத் தெரியல." இறங்கிவிட்டாள். ஆடிட்டோரியத்தில் ஒரு நொடி அமைதி, அப்புறம் ஒரே கூச்சல். மேடையில் உட்கார்ந்திருந்த எனக்கு முகம் சுட்டது. ஸ்டாஃப் பாத்ரூமில் எல்லாக் கதவுக்கும் தாழ்ப்பாள் இருந்தது. நாங்கள் அந்தப் பக்கம் போனதே இல்லை.

ஜெயித்தாள். தாழ்ப்பாள் வாங்கப் பணம் கொடுத்தேன், ஆசாரியை அவளே கூட்டிவந்தாள். மிச்சப் பணத்தில் ஒவ்வொரு கதவுக்கும் உட்புறம் ஒரு கொக்கி, பை மாட்ட. எனக்குத் தோன்றியே இருக்காது. அந்தக் கதவுகளைப் பார்த்துவிட்டுத்தான் இன்னொரு தப்பைத் திருத்தினேன். 2013 சட்டப்படி பாலியல் புகாருக்கான உள் குழு வைத்திருந்தோம், உறுப்பினர் பெயர், போன் நம்பர் எல்லாம் பலகையில் எழுதி மாட்டியிருந்தோம். எங்கே? முதல்வர் அறை வாசலில். அங்கே ஒரு பிள்ளை நின்று அந்த நம்பரை எழுதிக்கொண்டால் கல்லூரி முழுக்கத் தெரிந்துவிடும். அதே விவரத்தைச் சின்னத் தாளில் அச்சடித்து பாத்ரூம் கதவுகளுக்கு உள்ளே ஒட்டினோம், சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும் என்ற வரியோடு. அதற்குப் பிறகுதான் முதல் போன் வந்தது. என்ன புகார் என்று இங்கே எழுதமாட்டேன்.

கல்லூரிகளுக்குத் தரம் போடுகிற நாக் குழு வந்தது, குரோட்டன்ஸ் தொட்டிகள் வைத்தோம், சுவருக்கு வெள்ளையடித்தோம், கிரேடு வாங்கினோம். அதைப்பற்றி எழுத இதற்கு மேல் ஒன்றுமில்லை.

2020 மார்ச்சில் கல்லூரியை மூடினார்கள். ஆன்லைன் வகுப்பில் பெயர் தெரியும், முகம் தெரியாது. பல வீடுகளில் ஒரே போன், அது தம்பிக்கு. 2021 பிப்ரவரியில் இரண்டாம் வருஷப் பிள்ளைகள் திரும்பி வந்தபோது கெமிஸ்ட்ரியில் மட்டும் ஐந்து பேர் இல்லை. பழைய லிஸ்ட், பழைய வேலை. மூன்று பேருக்குக் கல்யாணம் முடிந்திருந்தது. அதில் ஒருத்தியின் போன் ஸ்விட்ச் ஆஃப். வீட்டுக்கு நான் பேசவில்லை. அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவளை, கல்யாண ஆல்பம் பார்க்க வந்த மாதிரி போய்ப் பார்த்துவிட்டு வா என்று அனுப்பினேன். "படிக்கணும்னுதான் இருக்கா மேம். மாமியாருக்கு ஆட்சேபணை இல்ல. மறுபடி சேர்த்துக்க மாட்டாங்கன்னு நெனச்சுட்டு இருக்கா" என்று வந்து சொன்னாள். ஜூனியர் பேட்சோடு ரீஅட்மிஷன் போட முடியும் என்பது அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. நாங்களும் எங்கேயும் எழுதி வைத்ததில்லை. அந்த வருஷத்திலிருந்து டிசி கேட்டு யார் வந்தாலும், கையெழுத்துப் போடும் முன் திரும்பிச் சேரும் வழியை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுப்பது வழக்கமாயிற்று.

வந்து சேர்ந்தாள். மூன்றாம் வருஷக் கடைசியில் பிராக்டிகல் வரும்போது ஆறு மாத கர்ப்பம். ஆர்கானிக் அனாலிசிஸ், ஆசிட் ஆவிக்குள் மூன்று மணி நேரம் நிற்க வேண்டும். வைராக்கியமாக எழுதுகிறேன் என்றாள். கெமிஸ்ட்ரிக்காரியாக நான் ஒப்புக்கொள்ளவில்லை. தேர்வை நாங்களே நடத்துகிற தன்னாட்சிக் கல்லூரி என்பதால் தேர்வுப் பிரிவில் பேசி நவம்பருக்குத் தள்ளிவைத்தோம். நவம்பரில் மூன்று மாதக் குழந்தையோடு வந்தாள். லேபுக்கு எதிரே இருந்த காலி வகுப்பில் சேலையில் தொட்டில் கட்டி, லேப் அட்டெண்டர் அக்கா ஆட்டிக்கொண்டிருந்தார். எக்ஸ்டெர்னல் எக்ஸாமினர் வந்து எட்டிப் பார்த்தார். ஏதாவது சொல்வாரோ என்று பயந்தேன். "தூங்குதா?" என்று மெதுவாகக் கேட்டுவிட்டுப் போனார்.

பிராக்டிகல் பாஸ். அலைடு மேக்ஸில் மட்டும் ஒரு அரியர் இன்னும் பாக்கி. இந்த நவம்பரில் எழுதுகிறாளாம். பீஸ் கட்டியாச்சா என்று போன வாரம் கேட்டேன்.

"கட்டிட்டேன் மேம். அன்னைக்கு பாப்பாவ எங்க விடுறதுன்னுதான் யோசிக்கிறேன்."

லேப் அக்காவும் ரிட்டயர் ஆகிவிட்டார். நான் சும்மாதானே இருக்கிறேன், காலையிலேயே எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்துவிடு என்றேன்.